நான்காவது

மூன்று கிடைத்துவிட்டது.
மீட்டர் ரூமில், பழைய ஃபிளக்ஸ் பேனரின் மடிப்பில்,
யாரோ அவசரத்தில் கழற்றிப் போட்ட சாக்ஸ் மாதிரி
ஒன்றின்மேல் ஒன்று.
ஒன்றுக்கு வலக்கண் சீழ் கட்டி ஒட்டியிருந்தது.
ஒன்று நொய்யரிசிப் பல்லால்
என் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்தது.
நான்காவதைக் காணோம்.

ரெட் அலர்ட் சொல்லி நாலு மணி நேரம்.
பள்ளிக்கரணைக்குப் பிடிக்காத தண்ணீரெல்லாம்
எங்கள் ஸ்டில்ட் பார்க்கிங்குக்குத்தான் வரும்.
எல்லோரும் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றிவிட்டு
ஆட்டோவில் திரும்பியிருந்தார்கள்,
பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவந்த முகத்தோடு.

பிப்லப் டார்ச்சோடு வந்தான்.
இரண்டு வருடத்தில் அவன் பொறுக்கிய தமிழில்
பூனை கிடையாது, குட்டி உண்டு.
'குட்டி நாலு, அக்கா. காலையில நாலு.'
சம்ப் மூடி, ஜெனரேட்டர் அடி,
படிக்கட்டுக்குக் கீழே யாரும் உரிமை கோராத கேரம் போர்டு.
தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது.
ஒற்றைச் செருப்பு மிதந்து வந்தது,
எனக்குத் தெரிந்த செருப்பு.
அப்போதுதான் அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்:
'செக்ரட்டரி சார் வண்டி! டயர் மேல இருந்துச்சு, மத்தியானம்.'

தேவசகாயம் சார்.
தீர்மானம் நான்கை எழுதியவர்:
வளாகத்தில் பூனைகளுக்கு உணவிடுவோர்க்கு
அபராதம் ரூபாய் ஐந்நூறு.
இரண்டு முறை கட்டியிருக்கிறேன். ரசீது உண்டு.
மூன்றையும் பக்கெட்டில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு
அவர் நம்பரையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேம்பாலத்தில் ஒரே வரிசையாக இருநூறு கார்,
ஆளில்லாத ஊர்வலம்.
வேட்டியை மடித்துக் கட்டி, குடையை என்னிடம் தந்துவிட்டு
பானட்டைத் திறந்தார்.
எஞ்சினில் இன்னும் இளஞ்சூடு. வேறொன்றும் இல்லை.
மூடப் போன கை நின்றது.
அவருக்குத்தான் முதலில் கேட்டது.
மியாவ் இல்லை அது,
கதவுக் கீல் எண்ணெய் கேட்பது போல ஏதோ.
பேட்டரிக்குப் பின்னால், ஒரு சந்துக்குள்.
என் கை நுழையவில்லை. அவர் கை நுழையவே நுழையாது.
பின்னால் வண்டியை விட்டுவிட்டுக் கிளம்பிய ஒருத்தி
எங்களைப் பார்த்துத் திரும்பி வந்தாள்.
வளையல்களைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.
முழங்கை வரை கிரீஸ்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.

பெல்ட்டில் சிக்காமல், வெந்துபோகாமல்
மூன்றரைக் கிலோமீட்டர்.
ஒரு பக்க மீசை மட்டும் கருகியிருந்தது.
சார் கைக்குட்டையை எடுத்தார். துடைக்கவில்லை,
சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.
'வீட்டுக்குள்ள வச்சுக்கோங்க. பார்க்கிங்ல வேண்டாம்.'
குரல் ஒருமாதிரி இருந்தது.
மழையாகவும் இருக்கலாம்.

நான்கு நாள் என் பாத்ரூமில்.
சொட்டு மருந்து, தயிர்சாதம், தூக்கமின்மை.
தண்ணீர் வடிந்த இரவு தாய் வந்தது.
எங்கே ஒதுங்கியிருந்ததோ, விலா எண்ணலாம் போலிருந்தது.
நனைந்த ஃபிளக்ஸை முகர்ந்து முகர்ந்து
விடிய விடிய
ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.
காப்பாற்றினேன் என்றுதான்
லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தேன்.
அதனிடம் எப்படிச் சொல்வது?
பக்கெட்டோடு இறங்கிப் போனேன்,
திருடியதைத் திருப்பித் தருபவள் போல.
அது எண்ணிப் பார்க்கவில்லை.
ஒட்டிய கண்ணைத்தான் முதலில் நக்கியது.

தீர்மானம் நான்கு அப்படியேதான் இருக்கிறது.
நேற்று மூன்றாவது ரசீது,
அதே சாய்ந்த கையெழுத்து.
காலை ஆறே முக்காலுக்குப்
பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கையில்
கீழேயிருந்து கேட்கிறது:
சாவி போடுமுன்
பானட்டில் இரண்டு தட்டு.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.