மஞ்சளை மட்டும்

எல்லாப் படத்திலும் உதட்டை மூடியிருக்கிறேன்.
ரேஷன் அட்டையில், ஆதாரில்,
குழுவில் கடன் வாங்கியபோது எடுத்ததில்.
ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டேன்:
தாலி கட்டிய கையோடு
மாதேசன் காதில் என்னவோ சொல்ல
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
என்ன சொன்னார் என்பது
இப்போது இரண்டு பேருக்குமே நினைவில்லை.

நாளையோடு பன்னிரண்டு வருஷம்.
ஸ்டேட்டஸ் வைக்கலாமென்று
ஆல்பத்திலிருந்து போனில் பிடித்து வைத்ததை
பாப்பாரப்பட்டி பஸ்ஸில், ஜன்னலோரம்,
இரண்டு விரலால் விரிக்கிறேன்.
பல்வரிசையில் பழுப்புக் கோடுகள்,
கழுவாமல் விட்ட டீ டம்ளர் மாதிரி.

செயலியில் நிறத்துக்கு ஒரு கோடு,
கோட்டின்மேல் ஒரு பொட்டு.
மஞ்சளின் பொட்டை இடப்பக்கம் இழுக்கிறேன்.
மைனஸ் இருபது. நாற்பது. எழுபது.
பல் வெளுக்கிறது,
பற்பசை விளம்பரத்துப் பெண்ணுக்குப் போல.

கூடவே தாலிக்கயிறும் வெளுக்கிறது.
கன்னத்தில் பூசியது சாம்பலாகிறது.
அட்சதை வெறும் அரிசி.
மாலைச் சாமந்தி
விலை போகாமல் சந்தையில் கொட்டிவிட்டுப் போன சாமந்தி.
மணவறையில் ஏதோ துக்கம் நடக்கிறது,
நடுவில் நான் மட்டும்
வெள்ளை வெளேரென்று சிரிக்கிறேன்.

பல்லுக்கு மட்டும் தடவத்
தனித் தூரிகை இருக்கிறதாம்.
தொட்டால் பூட்டுப் படம் வருகிறது,
மாசம் நூற்று நாற்பது ரூபாய்.

நான் மூன்றாவது படிக்கையில்
எங்கள் தெருக் கைபம்புக்கு
ஆபீஸிலிருந்து வந்து சிவப்பு அடித்தார்கள்,
இதைக் குடிக்காதே என்று.
அதற்குள் முளைத்ததெல்லாம்
கோடு போட்டே முளைத்திருந்தது.
முதல் கோடையில் சிவப்பு ரோஸானது.
அடுத்ததில் தகரம் தெரிந்தது.
வெயிலும் ஏதோ ஒரு பொட்டை
இழுத்துக்கொண்டேதான் இருந்தது போல.
நிறம் போனபின் குடத்தைத் தூக்கிக்கொண்டு
திரும்பவும் அங்கேயே போனோம்.
வேறெங்கே போவது.

ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தபின்
பிறந்தவள் தர்ஷிகா.
மடியில் சாய்ந்து எட்டிப் பார்க்கிறாள்,
விழுந்த ஒரு பல்லின் சந்து தெரிய.
"ஏம்மா, எல்லாரும்
காச்சக்காரங்க மாதிரி இருக்கீங்க?"

பொட்டை வலப்பக்கம் தள்ளுகிறேன்.
பூஜ்ஜியத்தில்தான் விட நினைத்தேன்.
வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட
விரல் தாண்டிப் போய்விட்டது,
பிளஸ் பதினைந்து.
கயிறு இப்போதுதான் முக்கி எடுத்ததாய்ச் சொட்டுகிறது.
சாமந்தி கூச்சல் போடுகிறது.
பல்லும்தான்.

சேமிக்கவா என்கிறது.
சார்ஜ் நாலு சதவீதம்,
அடுத்த நிறுத்தம் எங்களுடையது.
அழுத்திவிட்டுப் பையை எடுக்கிறேன்.

இத்தனை பல்லும் தெரியும்படி
அப்படி என்னதான் சொன்னார்.
இன்னொரு தரம் கேட்டுப் பார்க்க வேண்டும்.