பதினொரு விரிப்பு

நாலரைக்கு வானொலி சொன்னது:
அக்ஸ்பிரிட்ஜுக்கு வடக்கே, பள்ளக் காணிகளில்
இன்றிரவு உறைபனி விழலாம்.
அந்த 'லாம்'
எங்கள் ஒன்றரை ஏக்கருக்கு மேலே
பின்னேரம் முழுக்கத் தொங்கிக்கொண்டு நின்றது.

செப்டம்பர் பதினெட்டு.
மத்தியானம் வரைக்கும் கோடைதான்.
வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயைத் திறந்தால்
முதலில் சுடுதண்ணீர்.
மூடத் தொடங்கிய பூசணிப் பூவுக்குள்
ஒரு தேனீ குடித்துவிட்டு விழுந்தவன் மாதிரிக்
கால்களை நீட்டி நித்திரை.

எங்களிடம் இருந்தது பதினொரு படுக்கை விரிப்பு.
எட்டு, ஸ்காபரோ விடுதியொன்று கழித்துப் போட்டவை.
இரண்டு, எங்கள் கட்டிலில் இருந்து உருவியவை.
ஒன்றில் டைனோசர் படம்.
பக்கத்துக் காணி மார்லீன் அதை வேலிக்கு மேலால் எறிந்து
'திருப்பித் தர வேண்டாம்,
படுத்தவன் இப்போது ஆறடி' என்றாள்.

வரிசைகளோ இருபத்தாறு.

வாகீசன் தக்காளி என்றான்.
நான் பாவல் என்றேன்.
தக்காளியைப் பச்சையாகப் பிடுங்கிப்
பத்திரிகைத் தாளில் சுற்றி நிலவறையில் வைத்தால்
நவம்பரிலும் மெல்ல மெல்லச் சிவக்கும்.
பாவற்காய்க்கு அந்தப் பொறுமை கிடையாது.
போதாததற்கு, மார்க்கம் கடைக்காரர்
வெள்ளிக்கிழமைக்கு நாற்பது இறாத்தல் கேட்டிருந்தார்,
பனி பற்றிக் கேட்கவில்லை.

கேல் கீரையை ஒருவரும் நினைக்கவில்லை.
பனி பட்டால்தான் அதற்கு இனிப்பு ஏறும்;
கரட்டும் அப்படியே.
குளிரைச் சர்க்கரையாக்கத் தெரிந்தவை.
எனக்கு அதைக் கோபமாக்கத்தான் தெரியும்.

வெண்டியின் பக்கம் நான் திரும்பவேயில்லை.
ஜூன் முழுக்க முழங்காலளவில் முரண்டு பிடித்து
ஆகஸ்ட் கடைசியில் மஞ்சளாய் ஒரு பூப் பூத்து
நேற்றுத்தான் விரல் நீளத்துக்குக் காய்த்தது.
பார்த்தால் ஒரு விரிப்பு அதற்குப் போய்விடும்.

தலையில் விளக்குக் கட்டி
உடுப்புக் கவ்விகளை வாயில் கடித்துக்கொண்டு
பாவல் பந்தலைப் போர்த்தினோம்.
மிச்சம் இருந்ததில் தக்காளி, ஒன்றரை வரிசை.
வாகீசன் அந்த அரை வரிசையை
இழுத்து இழுத்து முக்கால் ஆக்கினான்.

இரண்டு மணிக்குக் காற்று நின்றது.
காற்று நின்றால்தான் பயம்.
ஒரு முகிலும் இல்லை.
அண்ணாந்து பார்த்து, அழகு என்று சொல்ல வாயெடுத்தவன்
என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.
விரிப்பில்லாத மெத்தையில்
ஜாக்கெட்டோடு படுத்தோம்.

விடிந்தபோது புல் சாம்பல் நிறம்.
விரிப்புகள் அப்பளம் மாதிரி விறைத்து
மடிக்க மடிக்க முறிந்தன.
உள்ளே பாவல் பச்சையாய் நின்றது.
டைனோசர் வழுக்கின இடத்தில் மட்டும்
ஒரு முழத்துக்கு
வெந்நீர் ஊற்றிய இலைகள்.

முக்கால் வரிசை முக்கால்தான் பிழைத்தது.
மற்றத் தக்காளிகளின் தோலில்
தண்ணீர்ப் புள்ளிகள்;
இனித் தாளில் சுற்றினாலும் பழுக்காது, அழுகும்.
எருக்குவியலோடு ஒட்டித்
தானாக முளைத்த குட்டித் தக்காளிக்கோ
ஒன்றுமே ஆகவில்லை.
அதை நாங்கள் நடவும் இல்லை, போர்த்தவும் இல்லை.
வாகீசன் அதைப் பார்த்து
ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், அன்பாகத்தான்.

பாவல் முப்பத்தேழு இறாத்தல் தேறியது.
தொலைபேசியில் கடைக்காரர்
'மூன்று குறைகிறதே' என்றார்.

வெண்டி கறுத்து மடிந்திருந்தது.
ஆனாலும் ஏழு காய்.
மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்து
நின்றபடியே தின்றோம்,
அவனுக்கு நாலு, எனக்கு மூன்று;
இல்லை, மறுபக்கமாகவும் இருக்கலாம்.

அன்று மத்தியானம் இருபத்திரண்டு பாகை.
வெட்கமேயில்லாமல் திரும்பி வந்தது கோடை.
கொடியில் பதினொரு விரிப்பும் சொட்டச் சொட்ட ஆடின,
டைனோசர் தலைகீழாக.
பூசணிப் பூக்கள் ஒன்றும் மிச்சமில்லை;
அந்தத் தேனீ எங்கே போனதென்று தெரியாது.

நாலரைக்கு வானொலியைப் போட்டேன்.
விரிப்புகள் இன்னும் காயவில்லை.