விபூதிப் புதன்

பாலத்தின் நடுவில் ஒரு கொடி முடிந்து
இன்னொரு கொடி தொடங்கும்.
கீழே பனிக்கட்டி மிதக்கிற ஆறு,
அதற்கு இரண்டும் தெரியாது.

டெட்ராய்ட் பக்கம், மாலை ஏழு மணி.
பின்பெட்டி நிறைய பிரேக் தட்டுகள்.
ஓரமாக நிறுத்து என்று ஒரு மஞ்சள் தாள்.
இருபது வருசமாகப் பழகிய மஞ்சள்.

ஏறி வந்த அதிகாரிப் பெண்
சோற்றுப் பெட்டியை மோந்து பார்த்தாள்,
மெத்தையைத் தூக்கினாள்,
வெயில் மறைப்பில் செருகியிருந்த
பழைய விக்ஸ் டப்பியைத் திறந்தாள்.

கௌசி வைத்துவிட்டது.
நான் கேட்டதில்லை, எடுத்து எறிந்ததுமில்லை.
எனக்கும் கடவுளுக்குமான உறவு
ஏறக்குறைய அந்த டப்பி அளவுதான்.
பகலில், நானூற்றியொன்றில் போகும்போது
அவர் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.
கலமாசூ தாண்டி, ஏரியிலிருந்து பனி எழும்பி
முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கும்
அழிந்துபோன இரவுகளில்
பக்கத்து இருக்கையில்
பெல்ட் போடாமல் இருக்கிறார்.
பேசுவதில்லை.
நானும் 'முருகா'வுக்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.
பிறகு வானம் வெளிக்கும். நிறுத்தி ஒரு கோப்பி.
திரும்பி வந்தால்
இறங்கிப் போயிருப்பார்.

"என்ன இது?"
சாம்பல்.
"யாருடைய சாம்பல்?"

சிரிக்கத்தான் போனேன்.

சுண்ணாம்பா என்று கேட்டிருக்கிறார்கள்,
பற்பசையா, காயமா என்று.
அழித்துவிட்டு வா என்றான் ஒருவன்,
மீன் கிடங்கில், வந்த புதிதில்.
அழித்துவிட்டுத்தான் போனேன். அன்றைக்கு முழுக்க
கை தானாக நெற்றிக்குப் போய்
ஒன்றுமில்லாமல் இறங்கியது.
ஆனால் யாருடையது என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

தம்பி சுகிர்தன்.
மாத்தளனில் கடைசியாகக் கண்டவர்கள் சொன்ன
மூன்று வெவ்வேறு கதைகள்.
சாம்பல் இல்லை. திதியும் இல்லை.
டயர்க் கடைக்குப் பக்கத்துக் கோயிலில்
ஐயர் திதி கேட்டபோது நான் பேசாமல் நிற்க
கௌசி ஒரு திதியைச் சொல்லிவிட்டாள்.
அதற்குத்தான் இப்போது வருசா வருசம் எள்ளும் தண்ணீரும்.

"மாட்டுடையது" என்றேன்.
"சாணம். எரித்தது."

அவள் புருவம் ஏறியது.
அப்போதுதான் கண்டேன், புருவத்துக்கு மேலே
கறுப்பாக ஒரு பூச்சு.
எங்கேயோ கிறீஸ் பட்டுவிட்டது, துடையுங்கோ என்று
சொல்ல வாயெடுத்து,
கிழமை ஞாபகம் வந்து, நிறுத்தினேன்.

இளவாலையில் என் வாங்கில் இருந்த அமலதாசன்
வருசத்தில் ஒரு நாள் எங்களைப் போல வருவான்.
"இண்டைக்கு விபூதிப் புதன்டா."
எங்களுக்குத் தினமும் புதன், உனக்கு மட்டும் ஒரு நாளா
என்று பகிடி பண்ணுவோம்.
எங்கள் பாஷை அந்த ஒரு சொல்லில்
இரண்டு கொடியையும் எப்போதோ
இறக்கி வைத்துவிட்டது. நாங்கள்தான்
கவனிக்கவில்லை.

"உங்களுடையது?" என்றேன், நெற்றியைக் காட்டி.
மஞ்சள் தாள் பிடித்தவன் கேள்வி கேட்கக்கூடாது.
தொட்டுப் பார்த்தாள், மறந்திருந்தவள் போல.
"ஓலை. போன வருசத்துக் குருத்தோலை.
எரித்தது."

அதற்கு மேல் எங்களிடம் பேச்சு இல்லை.
ஒரு பஞ்சில் ஒற்றி இயந்திரத்துக்குக் கொடுத்தாள்.
நான்கு நிமிடம்.
வெடிமருந்து இல்லை. போதைப்பொருள் இல்லை.
இது அன்று, அது அன்று என்று மட்டும்
சொல்லத் தெரிந்த இயந்திரம்.
எது என்று அதற்கும் தெரியாது.

நீலக் கையுறை நுனியில் கொஞ்சம் வெள்ளை.
உதறுவாள் என்று பார்த்தேன்.
அதே கையால் முத்திரை குத்தி
தெற்கே உறைமழை, மெல்லப் போ என்றாள்.

டப்பியை அவள்
என்னைவிட இறுக்கி மூடியிருந்தாள்.
டொலிடோ வரைக்கும்
ஒற்றைக் கையால் திறக்க வரவேயில்லை.