செயப்படுபொருள் குன்றிய வினை

சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டியிருந்த பட்டியலை
மூன்று இரவாகப் படித்தாள் ஜின்ட்ரா.
வெறுமனே பீர் என்று கேட்பவன் வெளியூர்க்காரன்.
ஹல் துறைமுகத்தில் பிட்டர் என்று கேட்பார்கள்.
அகராதியில் அதற்குக் கசப்பு.
குடிப்பவர்கள் முகத்தில் அப்படி ஒன்றும் காணோம்.
மைல்டு என்றால் சாது, ஆனால் கறுப்பு.
ஸ்டவுட் என்றால் தடியன், அதைவிடக் கறுப்பு.
லாகர் மஞ்சள், ஜில்லென்று, இளவட்டங்களுக்கு.
"எல்லாம் பீர்தானே?" என்றாள்.
முதலாளியம்மா மேவிஸ் கிளாஸைத் துடைத்தபடி,
"ஏல் குடிக்கிறவர் காதில் விழப்போகிறது" என்றாள்.

சைடரை ஆப்பிள் ஜூஸ் என்று நம்பி
தாகத்துக்கு இரண்டு கிளாஸ் குடித்த அன்று
மாடிப்படி
ஒன்றுக்கு இரண்டாக இறங்கி வந்தது.

லிக்கர் வேறு, லிக்கூர் வேறு.
நாக்கு கொஞ்சம் நீண்டால் சர்க்கரை சேர்ந்துவிடும்.
நீட் என்றால் சுத்தமில்லை, துணையில்லாதது.
ஸ்பிரிட் என்றால் ஆவி.
சுவரில் தலைகீழாகத் தொங்கும் ஆறு ஆவிகளை
அளந்து அளந்து இறக்க வேண்டும்.
விஸ்கியின் பழம்பெயர் உயிர்த் தண்ணீராம்.
வோட்கா, அவள் ஊருக்குக் கிழக்கே, குட்டித் தண்ணீர்.
எந்தத் தேசத்திலும் மனிதனுக்கு
நேராகச் சொல்லக் கூச்சம்,
தண்ணி என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான்.

வெள்ளிக்கிழமை, மழை கோட்டோடு வந்தாள்
வினிஃப்ரெட் ஆக்ஸ்டபி.
ஜின்ட்ரா பட்டியல் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.
"நான் குடிப்பதில்லை, கண்ணு."
"தண்ணீர்கூடவா?"

கடையே சிரித்தது.
டார்ட் எறிந்துகொண்டிருந்தவன் குறி தவறிச் சிரித்தான்.
ஜின்ட்ராவும் சிரிக்கத் தொடங்கி
பாதியில் நின்றுவிட்டாள்.

லீபாயாவில், வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்தால்
அம்மா வாசலை மறைத்து நின்று சொல்வாள்:
அவர் குடிக்கிறார்.
எதை என்று ஒருவரும் கேட்டதில்லை.
கறுப்பா மஞ்சளா,
கலந்ததா துணையில்லாததா,
ஆப்பிளா பார்லியா,
ஒருவரும்.
பள்ளி இலக்கண வகுப்பில்
செயப்படுபொருள் எங்கே என்று ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்தபோதும்
அந்த வாக்கியத்தை அவள் திருத்தவில்லை.

வினிஃப்ரெட் கோட்டை உதறினாள்.
"எலுமிச்சை போட்டு ஒரு டானிக் கொடு.
நல்ல கிளாஸில்.
பதினோரு வருஷமாக அதுதான்."

பட்டியலில் அது இல்லை.
ஜின்ட்ரா இருமல் மருந்து என்றே நினைத்தாள்,
இருந்தாலும்
பிராந்திக்கென வைத்திருந்த கிளாஸை எடுத்து
மேவிஸ் பார்க்க ஊற்றினாள்.