எச்சிலின் எடை

இரவு பதினொன்றரை. திட்டமிடும் அறையில்
ஏசி மட்டும் பேசுகிறது.
திரையில் கண்டக்டர் எத்திராஜுலுவின் கழுத்து
மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக.
கட்டிக்குச் சிவப்பு, தண்டுவடத்துக்கு மஞ்சள்,
காதோரம் இரண்டு உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு நீலம்.

கட்டிக்கு எழுபது கிரே, குறையக் கூடாது.
தண்டுவடத்துக்கு நாற்பத்தைந்து, தாண்டவே கூடாது.
சுரப்பிக்குச் சராசரி இருபத்தாறு,
முடிந்தால்.
அந்த 'முடிந்தால்' எவ்வளவு கனம் என்று
எண்ணில் கேட்கிறது கம்ப்யூட்டர்.
போன வாரம்வரை பத்து என்று போட்டுக்கொண்டிருந்தேன்
எல்லோருக்கும்.

காலையில் முகமூடி அச்செடுத்து முடித்ததும்
கன்னத்தில் கட்டம் கட்டமாய்த் தடத்தோடு கேட்டார்:
"வாய் காஞ்சிடும்னு சொல்றாங்களே மேடம்.
எச்சி தொட்டுத்தான் டிக்கெட் கிழிக்கணும்."
மெஷின் வந்துவிட்டதே என்றேன்.
"அது வியாசர்பாடி தாண்டுறதுக்குள்ள படுத்துக்கும்."

ஓடவிடுகிறேன். முதல் சுற்று, பத்தாவது, நாற்பதாவது.
இடது சுரப்பியில் குறைத்தால்
தாடையில் ஏறுகிறது.
தாடையில் குறைத்தால் நாக்கின் அடியில்.
படியில் தொங்குபவர்களை
உள்ளே போ, உள்ளே போ என்று தள்ளியிருப்பார்
முப்பது வருஷம்;
பஸ்ஸின் அளவு மாறியதில்லை.

சரிவைத் தேடி இறங்குகிறது கணக்கு.
ஓரிடத்தில் நின்று, முடிந்தது என்கிறது.
நான் நம்பவில்லை.
மழைத் தண்ணீரும் இப்படித்தான்
தாழ்ந்த இடம் கண்டுவிட்டேன் என்று
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும்.
கடல் அங்கிருந்து எவ்வளவு தூரம்?

கற்றைகளின் கோணத்தைத் திருப்பி
வேறிடத்திலிருந்து மறுபடி.
இடப்பக்க நெறிக்கட்டு சுரப்பியை ஒட்டியே இருக்கிறது.
டாக்டர் ஹபீபா போனில் சொன்னார்:
"விளிம்புல ஒரு மில்லிமீட்டர்கூடத் தரமாட்டேன்."
சரி. இடதை விட்டேன்.
விட்டேன் என்பதற்கும் ஓர் எண் உண்டு, பூஜ்ஜியம்.
அதைத் தட்டும்போது விரல் கொஞ்சம் நின்றது.

வலதுக்கு எண்பது.

ஒரு மணி பத்து.
வலது, இருபத்து மூன்று புள்ளி எட்டு.
இடது, நாற்பத்தொன்று.
மொத்தச் செலவு என்று திரையோரம் ஓர் எண்
இறங்கி இறங்கி, பூஜ்ஜியத்தைத் தொடாமல் நிற்கிறது. தொடாது.
அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு என்னுடையது
என்று பிரித்துக் காட்டும் வசதி
இந்த மென்பொருளில் இல்லை.

சேமித்தேன். வெளியே வாட்ச்மேன்
கையெழுத்து நோட்டை நீட்டினார்.
புழுக்கத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டியிருந்தன.
பிரிக்க, யோசிக்காமல்,
விரலை நாக்கில் தொட்டேன்.