ஃப்ளைவீல் பக்கம்

பிடிப்பதெல்லாம் சரியாகத்தான் பிடிக்கிறது.
விடத்தான் மாட்டேன் என்கிறது.

புது கிளட்ச் தட்டு போட்ட நாலாம் நாள்
மாரண்டஹள்ளியிலிருந்து கவுரம்மாவின் ஆம்னி
பாலக்கோடு ரோட்டில் இருக்கும் என் ஷெட்டுக்கு
பாதி வழி முதல் கியரிலேயே
ஊர்ந்து வந்து சேர்ந்தது.
பின்சீட்டு இல்லாத வண்டி.
உள்ளே நேற்றைய தக்காளியின் புளிப்பு.

"ரிவர்ஸ் போட்டா அலறுதுப்பா.
மண்டியில எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க."

முந்தாநாள் போனில் சொல்லியிருந்தேன்:
புதுசு அப்படித்தாங்க இருக்கும்,
ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்.

இஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால்
நாலு கியரும் ரிவர்ஸும்
களியில் விரல் இறங்குவதுபோல இறங்கின.
ஸ்டார்ட் செய்து, மிதியைத் தரைவரை அழுத்தி,
பத்து எண்ணிப் போட்டேன்.
கர்ர்.
முதல் கியரில் மிதித்துப் பிடித்திருக்கும்போதே
வண்டி ஒரு சாண் முன்னே நகர்ந்தது,
பந்திக்குக் கூப்பிடாத சொந்தக்காரன் மாதிரி.

மிதிக்கு அடியில் பாய் தடுக்கிறதா என்று பார்த்தேன்.
இல்லை. ஒரு ரூபாய்க் காசு, ஒரு பச்சைக் காம்பு.
கேபிள் நட்டை இரண்டு மரை முறுக்கினேன்.
ஃபோர்க் போகவேண்டிய தூரம் போகிறது.
இன்னும் ஒரு மரை.
அதே கர்ர்.

இதற்குள் மனசு பதில்களைத் தயார் செய்துவிட்டது.
சேலத்துக் கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டான்.
தட்டு வளைந்தே வந்திருக்கும்.
உங்க இடது கால் சும்மா இருக்காதே,
எப்போதும் மிதிமேலேயே கிடக்குமே.
எதுவும் எடுபடாவிட்டால், பழைய வண்டிதானேம்மா.
கடைசிப் பதிலை நானே கொஞ்சம் நம்பினேன்.

ஜாக்கி. புரொப்பெல்லர் ஷாஃப்ட்.
கழற்றிய போல்ட்டெல்லாம் பெயிண்ட் டப்பா மூடியில்.
கியர்பாக்ஸை நெஞ்சில் வாங்கி
நானும் ரியாசும் இறக்கியபோது மணி பன்னிரண்டு.
அவள் பழைய டயர்மேல் உட்கார்ந்து
யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"நூத்தியெம்பதுக்குக் கீழ பெட்டியக் குடுக்காத."

பிரஷர் பிளேட்டை எடுத்தேன்.
தட்டில் வெள்ளை எழுத்து.
ஃப்ளைவீல் சைடு.
ஃப்ளைவீலைப் பார்த்திருக்கவேண்டிய எழுத்து,
மாட்டிய பிறகு ஒருவரும் படிக்கக்கூடாத எழுத்து
என் முகத்துக்கு நேரே நின்றது.
அதன் பின்னால், தட்டின் நடுமொட்டு
மூன்று நாளாய் உரசி உரசி
கிராங்க் போல்ட்டுகளின் தலைகள்
புதுக் காசுபோல மினுங்கிக்கொண்டிருந்தன.

அன்றிரவு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போன்.
சீட்டுப் பணத்துக்காக மைத்துனனோடு சண்டை.
வாய் ஒரு பக்கம் நடந்தது,
கை ஒரு பக்கம் நடந்தது.
ஒவ்வொரு போல்ட்டையும் நன்றாகத்தான் இறுக்கியிருந்தேன்,
கழற்றும்போது தெரிந்தது.

ரியாசும் படித்தான்.
ஒன்றும் சொல்லாமல் கந்தல் துணியை நீட்டினான்.
துடைக்க அங்கே எதுவும் இல்லை.
துடைத்தேன்.

திருப்பிப் போட்டு எல்லாம் மாட்டி முடிக்க
பொழுது சாய்ந்துவிட்டது.
"இன்னாதான் கோளாறு?" என்றாள்.
சேலம் நாக்கு நுனிவரை வந்தது.
"தட்டைத் தலைகீழாப் போட்டுட்டேங்க. நாந்தான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
திட்டுவாள் என்று நின்றேன்.
உதட்டுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மண்டியில மூணு நாளு வண்டியப் பின்னால தள்ளுனாங்க.
ரெண்டு ஆளு. நாளைக்கி ஆளுக்கு இருபது.
நூத்தியிருபது குடு."

கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துப் போன் உறைக்குள் செருகினாள்.

ரிவர்ஸ் போட்டாள்.
விழுந்ததே கேட்கவில்லை.
எதிர்ப் பஞ்சர் கடைவரை பின்னாலேயே போய்
வளைத்துத் திருப்பும்போது
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள்.
வரட்டுமா என்றா,
தள்ளி நில்லு என்றா, தெரியவில்லை.

தள்ளி நின்றேன்.