புள்ளி இரண்டு

ஒரே சைக்கிள். சக்கரம் மட்டும் இரண்டு ஜோடி.
வாரத்தில் ஆறு நாள் பாக்கியநாதனுடைய தடி டயர்.
கன்டெய்னர் லாரிகள் மென்று துப்பிய
திருவொற்றியூர் ரோட்டுக்கு அதுதான் தாங்கும்.
ஞாயிறு விடியலில் என்னுடையது:
மெலிசு, பழைய சரக்கு, பாதி விலை.
எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் விட்டு
குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் திரும்பிவிட.

சக்கரம் மாற்ற இரண்டே நிமிஷம்.
அப்புறம்தான் அந்தச் சத்தம்.
ஸ்ர்ர்ர் என்று
பல்லிடுக்கில் நெத்திலி முள் சிக்கியதுபோல
காசிமேட்டிலிருந்து கூடவே வரும்.

காலிப்பரின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி
பிரேக்கைப் பிடித்தபடியே முறுக்குவேன்.
என் சக்கரம் வாயை மூடும்.
திங்கள் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும்போது
அவன் சக்கரம் முனகும்,
ஹவுசிங் போர்டு மூன்று மாடிக்கும் கேட்க.
அவன் யார்டு வெளிச்சத்தில் குனிந்து திருப்பி வைப்பான்.
ஞாயிறு வந்தால் என்னுடையது.
எட்டு மாதம் இப்படியே.
இரண்டு வீட்டிலும் காபி குடிக்கிற பஞ்சாயத்துக்காரன் மாதிரி
கடைசியாகப் பேசியவர் பக்கமே சாய்ந்தது காலிப்பர்.

"உன் வீலுதான் கோணல்."
"உன்னுதுதான்."
நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்று
அவன் அக்கா எல்லோரிடமும் சொல்வாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை.
கொருக்குப்பேட்டை கேட் தண்ணீரில் நின்றது.
அவன் யார்டிலேயே மாட்டிக்கொண்டான்.
தரையில் பேப்பர் விரித்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன்.
முதலில் அவன் சக்கரம். சத்தமில்லை, அவன் வைத்த வைப்பு.
அதைக் கழற்றி என்னுடையதை மாட்டி
கரண்டு அட்டையைப் பின்னால் பிடித்து
மொபைல் டார்ச்சை அடித்தேன்.
வட்டத்தட்டுக்கு வெளிப்பக்கம்
ஒரு கீற்று வெளிச்சம், மூன்றாம் பிறை.
உள்பக்கம் இருட்டு. ஒட்டிக்கொண்டிருந்தது.

என்னுடையதுதான்.
உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது,
மிஞ்சிப்போனால் புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

ஸ்டான்லியில் நாளைக்கு நூறு பேருக்கு நரம்பு தேடுகிற கை இது.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

பிறகு கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டினேன்.
மகள் காம்பஸால் வளையம் கீறி,
ஆறு துளை குத்தி,
தோசைக்கல்லைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து
உப்புத்தாளால் பிசிறு தேய்த்தேன்.
ஒன்று போதவில்லை. இரண்டு.
இரண்டாவது வெட்டும்போது கட்டைவிரலும் கொஞ்சம்.
ஹப்புக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்து
ஆறு ஸ்க்ரூவையும் எதிரெதிராக,
ஒரே மூச்சில் இல்லாமல், சுற்றிச் சுற்றி இறுக்கினேன்.
தட்டில் விரல் படக்கூடாது.
பட்டது. ரத்தம் வேறு.
ஆஸ்பத்திரி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன்,
ஊசிக்கு முன்னால் தோலைத் துடைப்பதுபோல.

என் சக்கரம் சுழன்றது. சத்தமில்லை.
அவனுடையதை மாட்டினேன். சத்தமில்லை.
மறுபடி என்னுடையது.
காலிப்பரைத் தொடவே இல்லை.
ஓரிடத்தில் மட்டும், சுற்றுக்கு ஒருமுறை,
டிக் என்று சின்னதாக.
தட்டு அங்கே லேசாக நெளிந்திருக்கும்.
நிமிர்த்தலாம். விட்டுவிட்டேன்.

மறுநாள் எண்ணூர் ரோட்டில்
முதல்முறையாக மற்றதெல்லாம் காதில் விழுந்தது:
சங்கிலிக்கு எண்ணெய் இல்லாதது,
அனல் மின் நிலையத்தின் அடித்தொண்டை,
என் மூச்சு.

திங்கள் ராத்திரி
மூன்றாம் மாடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தேன்.
கீழே அவன் நாலு அடி உருட்டினான், நின்றான்.
பின்பக்கத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினான்.
பிரேக்கை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தான்.
முன்சக்கரத்தையும் சுழற்றினான்.
அண்ணாந்தான்.

"காத்து அடிச்சியா?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.
வளையம் எந்தச் சக்கரத்தில் என்று அவனுக்குக் கேட்கத் தெரியாது,
அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.
பிளாஸ்திரி சுற்றிய கட்டைவிரலை
உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன்.

"மழை வரும், பாத்துப் போ" என்றேன்.
கேட் வரைக்கும் காதைக் கொடுத்திருந்தேன்.
டயர் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் மட்டும்தான்.